இணையவழிச் சில்லறை வணிகத்தில் மேகக் கணிமை

இணையவழிச் சில்லறை வணிகத்தில் மேகக் கணிமை என்பது, இணையத்தின் மூலம் நுகர்வோருக்கு நேரடியாகப் பொருள் விற்கும் நிறுவனங்கள், தமது விற்பனைத் தளத்தை இயக்கத் தேவையான கணினிகள், சேமிப்பகம், தரவுத்தளம், மென்பொருள் முதலியவற்றைத் தாமே வாங்கி வைத்துக்கொள்ளாமல், வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்திலிருந்து தேவைப்படும் அளவுக்கு வாடகையாகப் பெற்றுப் பயன்படுத்தும் முறையாகும். மின்சார வாரியத்திடமிருந்து மின்சாரம் பெற்று, அளவியில் ஓடிய அலகுகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்துவதை இதற்கு ஒப்பிடுவர். ஒப்புமை பெருமளவு பொருந்தும். பொருந்தாத இடங்களும் உள்ளன. அவை கீழே விளக்கப்பட்டுள்ளன.

மேகம் என்ற சொல் சற்றே திசைதிருப்பக் கூடியது. வலையமைப்பு வரைபடங்களில் உள்விவரம் காட்டத் தேவையில்லாத பகுதியை மேக வடிவில் வரையும் பழக்கத்திலிருந்து இச்சொல் வந்தது. நடைமுறையில் மேகம் என்பது குளிர்விப்பான்களும் டீசல் மின்னாக்கிகளும் பல்லாயிரம் வழங்கிகளும் (வழங்கி என்பது சர்வர் எனப் பொதுவழக்கில் கூறப்படும் கணினி) நிறைந்த கட்டடங்களே ஆகும்.

அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. வேண்டும்போது தானே பெற்றுக்கொள்ளல், வலையமைப்பின் வழி அணுகல், வளங்களைப் பலர் பகிர்தல், விரைந்து விரிந்து சுருங்குதல், பயன்பாட்டை அளவிடுதல் ஆகிய ஐந்து பண்புகளை அது குறிப்பிடுகின்றது. இணையக் கடைகளைப் பொறுத்தவரை இவற்றுள் நான்காவது பண்பே தலையாயது எனலாம்.

தேவையின் ஏற்ற இறக்கம்

ஒரு வங்கியின் கணினிகளுக்கு வரும் வேலை நாளுக்கு நாள் பெரிதும் மாறுவதில்லை. கடையின் நிலை அவ்வாறன்று. இந்தியாவில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் வரும் கறுப்பு வெள்ளி, சீனாவில் நவம்பர் 11 ஆகிய நாட்களில் இணையக் கடைகளுக்கு வருவோர் எண்ணிக்கை வழக்கத்தைப் போலப் பன்மடங்காகப் பெருகும். தெருவில் உள்ள துணிக்கடை இத்தகைய நாட்களுக்குத் தற்காலிக ஊழியர்களை அமர்த்திக்கொள்கிறது. கடைக்குள் இடமில்லையெனில் வாடிக்கையாளர் வாசலில் காத்திருப்பார். இணையக் கடையில் வாசல் இல்லை. பக்கம் திறக்கவில்லையெனில் அவர் அடுத்த நொடியில் வேறொரு கடையில் இருப்பார்.

ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு கடைக்கு வழக்கமான நாட்களில் 10 வழங்கிகள் போதும். ஆண்டில் 2 நாட்கள் மட்டும் 100 வழங்கிகள் வேண்டும் எனக் கொள்வோம். சொந்தமாக வாங்கினால் 100 வழங்கிகளை ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும். இது 36,500 வழங்கி-நாட்கள். வாடகைக்கு எடுத்தால் 363 நாட்களுக்குப் பத்துப் பத்தாக 3,630, இரு நாட்களுக்கு 200, ஆக மொத்தம் 3,830 வழங்கி-நாட்கள். ஒரு நாள் வாடகை சொந்த வழங்கியின் ஒரு நாள் செலவைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், வாடகைச் செலவு 11,490 வழங்கி-நாட்களுக்குச் சமம். அதாவது சொந்தமாக வைத்திருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இக்கணக்கின் மறுபக்கம் பல அறிமுக நூல்களில் விடுபட்டுவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக 10 வழங்கிகள் மட்டுமே தேவைப்படும் கடைக்கு அதே வாடகை மூன்று மடங்கு நட்டமாகும். ஆகவே உச்சத் தேவைக்கும் சராசரித் தேவைக்கும் உள்ள விகிதம், வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் உள்ள விகிதத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே வாடகை ஆதாயமானது. மேகக் கணிமை எப்போதும் மலிவானது என்ற பரவலான கருத்து சரியன்று.

வரலாறு

மேகக் கணிமையைப் பெருவணிகமாக்கிய நிறுவனமே ஓர் இணையக் கடை என்பது குறிப்பிடத்தக்கது. 1995 சூலையில் நூல் விற்பனைத் தளமாகத் திறக்கப்பட்ட அமேசான், 2006 மார்ச் 14 அன்று எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் ஈசி2 என்னும் கணினி வாடகைச் சேவையையும் பொதுமக்களுக்கு வெளியிட்டது. ஈசி2 சேவையில் ஒரு மெய்நிகர் கணினியின் தொடக்கக் கட்டணம் மணிக்கு 10 அமெரிக்க சென்ட் ஆகும். இச்சேவையின் தொடக்க உருவாக்கப் பணி கிறிசு பின்காம் தலைமையிலான குழுவால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நடைபெற்றது.

கிறித்துமசு விற்பனைக்காக வாங்கிய வழங்கிகள் ஆண்டின் பிற மாதங்களில் சும்மா கிடந்ததால் அவற்றை வாடகைக்கு விடும் எண்ணம் அமேசானுக்குத் தோன்றியது என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாக இருப்பதால் இன்றும் பல கட்டுரைகளில் இடம்பெறுகிறது. அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் வெர்னர் வோகல்சு இதை மறுத்துள்ளார். சற்றே சிந்தித்தாலும் கதை நிற்காது. வாடகைக்கு விட்ட வழங்கிகளை அடுத்த டிசம்பரில் வாடகைதாரரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது. அவர்களும் கடைக்காரர்களாக இருந்தால் அவர்களுக்கும் உச்ச மாதம் அதுவேயாகும். உண்மையில் அமேசானின் சொந்த விற்பனைத் தளமே பின்னர்தான் இச்சேவைக்கு மாறியது. அத்தளத்தின் கடைசிச் சொந்த வலை வழங்கி 2010 நவம்பர் 10 அன்று நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் நுகர்வோர் வணிகப் பிரிவு, ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவைத் தனது மேகத் தரவுத்தளங்களுக்கு மாற்றி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது. தானே கட்டிய வீட்டிற்குத் தானே குடிபெயர இத்தனை ஆண்டுகள் ஆகியுள்ளன.

சீனாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அலிபாபா நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் தனது மேகக் கணிமைப் பிரிவைத் தொடங்கியது. நவம்பர் 11 தள்ளுபடி விற்பனையும் அதே ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு உச்ச நேரத்தில் நொடிக்கு 400 ஆக இருந்த கொள்முதல் ஆணைகள் 2019 இல் நொடிக்கு 5,44,000 ஆக உயர்ந்தன. அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் மைய வணிக அமைப்புகள் பொது மேகத்திற்கு மாற்றப்பட்டிருந்தன.

செயற்படும் விதம்

மேகத்தில் இயங்கும் இணையக் கடையைப் பல அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம். பொருட்களின் படங்களும் மாறாத பக்கங்களும், நாட்டின் பல நகரங்களில் உள்ள உள்ளடக்க வழங்கல் வலையமைப்பின் வழங்கிகளில் படியெடுத்து வைக்கப்படுகின்றன. வாடிக்கையாளருக்கு அருகில் உள்ள படி அவருக்கு அனுப்பப்படுகிறது. தேடல், பொருள் விவரம், பரிந்துரை முதலியவற்றைத் தயாரிக்கும் வலை வழங்கிகள் அடுத்த அடுக்கு. இவற்றின் முன்னே நிற்கும் சுமைப் பகிர்வி, வரும் வேண்டுகோள்களை எந்த வழங்கிக்கு வேலை குறைவோ அதற்கு அனுப்புகிறது. எல்லா வலை வழங்கிகளும் ஒரே மாதிரியானவை என்பதால், கூட்டம் கூடும்போது மேலும் பத்தைச் சேர்க்கலாம், குறையும்போது விட்டுவிடலாம். இதைக் கணினியே செய்துகொள்வது தானியங்கி விரிவாக்கம் எனப்படும்.

தானியங்கி விரிவாக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. சுமை கூடியதை உணர்ந்து, புதிய மெய்நிகர் கணினியைத் தொடங்கி, அதில் மென்பொருளை ஏற்றி, வேலைக்குத் தயாராக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் தள்ளுபடி விற்பனையில் கூட்டம் சில நொடிகளில் வந்துவிடும். எனவே அறிவிக்கப்பட்ட விற்பனைகளுக்கு வழங்கிகளை முன்கூட்டியே சேர்த்து வைப்பதே வழக்கம். சில கடைகள் மெய்நிகர் காத்திருப்பு அறை ஒன்றை அமைத்து, வருவோரை வரிசை எண் கொடுத்து உள்ளே விடுகின்றன.

உடனே முடிய வேண்டாத வேலைகள் பணி வரிசையில் போடப்படுகின்றன. ஆணையை உறுதி செய்யும் மின்னஞ்சல் இரண்டு நிமிடம் தாமதமாகச் சென்றால் யாருக்கும் இழப்பில்லை. பணம் பெறுதலை அவ்வாறு தள்ளிப்போட முடியாது.

கூடையும் இருப்பும்

இதுவரை கூறியவை, வழங்கிகளைக் கூட்டினால் தீர்ந்துவிடும் சிக்கல்கள். கூட்டினாலும் தீராத சிக்கல் தரவுத்தளத்தில் உள்ளது. ஒரு கடையின் பக்கத்தை ஆயிரம் வழங்கிகள் காட்டலாம். ஆனால் கிடங்கில் மீதமிருப்பது ஒரே ஒரு சேலை எனில், அந்த ஒன்று என்ற எண்ணை எங்கே எழுதி வைப்பது என்பதே வினா.

ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அந்த இடம் பழுதடையும்போது கடை நின்றுவிடும். பல இடங்களில் படிகளாக எழுதி வைத்தால், அவற்றிற்கு இடையிலான இணைப்பு அறுபடும்போது படிகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். வலையமைப்பு துண்டிக்கப்பட்ட நிலையில், எல்லாப் படிகளும் ஒத்திருத்தல், எல்லா வேண்டுகோள்களுக்கும் விடையளித்தல் ஆகிய இரண்டையும் ஒருசேர உறுதி செய்ய இயலாது என்பதை எரிக் புரூவர் 2000 ஆம் ஆண்டில் ஊகமாக முன்வைத்தார். சேத்து கில்பர்ட், நான்சி லிஞ்சு ஆகியோர் 2002 இல் அதை நிறுவினர். இது பணம் கொடுத்துத் தாண்டக்கூடிய தடையன்று. இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்று கடைதான் முடிவு செய்ய வேண்டும்.

அமேசான் தனது கொள்முதல் கூடைக்கு எடுத்த முடிவு, 2007 இல் அந்நிறுவனப் பொறியாளர்கள் வெளியிட்ட டைனமோ என்னும் தரவுச் சேமிப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடையில் இட முனையும்போது, வட்டுகள் பழுதடைந்தாலும் இணைப்புகள் தடுமாறினாலும் அதை மறுக்கக் கூடாது என்பது அவர்களது விதி. இதன் விளைவாக ஒரே கூடைக்கு இரு வேறு படிகள் உருவாகலாம். காட்டாக, ஒருவர் வீட்டுக் கணினியில் கூடையிலிருந்து ஒரு நூலை நீக்குகிறார். அந்த நீக்கத்தை அறியாத மற்றொரு படியில், அலுவலகக் கணினியிலிருந்து ஒரு பேனாவைச் சேர்க்கிறார். பின்னர் இரு படிகளும் சந்திக்கும்போது, சேர்க்கப்பட்ட எதுவும் தொலையாதவாறு அவை ஒன்றிணைக்கப்படுகின்றன. பேனா இருக்கும். நீக்கிய நூலும் மீண்டும் தோன்றிவிடலாம்.

இதைப் பிழை என்று கூறுவதைவிட, அறிந்தே ஏற்ற வணிக முடிவு என்பதே பொருத்தம். வேண்டாத பொருள் கூடையில் இருந்தால் வாடிக்கையாளர் பணம் செலுத்தும் முன் அதை மீண்டும் நீக்கிக்கொள்வார். வேண்டிய பொருள் காணாமற்போனால் விற்பனையே போய்விடும். இது நடைமுறையில் அரிதாகவே நிகழ்ந்தது என்பதையும் அக்கட்டுரை காட்டுகிறது. 24 மணிநேர அளவீட்டில், 99.94 விழுக்காடு வேண்டுகோள்கள் கூடையின் ஒரே ஒரு படியையே கண்டன. இக்கூடைச் சேவை ஒரே நாளில் கோடிக்கணக்கான வேண்டுகோள்களைக் கையாண்டு, 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட கொள்முதல்களுக்கு வழிவகுத்ததாகவும் அதில் கூறப்பட்டுள்ளது.

ஆனால் கூடைக்குப் பொருந்தும் விதி இருப்புக்குப் பொருந்தாது. இருப்பின் இரு படிகளும் தனித்தனியே ஒன்று எனக் காட்டி, இரு வாடிக்கையாளர்களும் பணம் செலுத்திவிட்டால், ஒருவருக்குச் சேலை கிடைக்காது. எனவே இருப்பைக் கழிக்கும் செயல் நிபந்தனையுடன் எழுதப்படுகிறது: இருப்பு ஒன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி, இல்லையெனில் மறு. சோதனையும் கழித்தலும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நிகழ வேண்டும். இரண்டிற்கும் இடையே மில்லி நொடி இடைவெளி இருந்தாலும் அதற்குள் வேறொருவர் நுழைந்துவிடுவார். இவ்வாறு செய்தால், ஒரே கைப்பேசிக்கு ஒரே நொடியில் இலட்சம் பேர் போட்டியிடும்போது அத்தனை பேரும் தரவுத்தளத்தின் ஒரே வரிக்காகக் காத்திருக்க நேரும். பத்தாயிரம் கைப்பேசிகளை நூறு நூறாக நூறு வரிகளில் பிரித்து வைத்து, வருவோரை அவற்றிற்குப் பங்கிட்டு அனுப்புவது இதற்கு வழக்கமான தீர்வாகும்.

பணத்திலும் இத்தகைய கவனம் தேவை. மறுமொழி தாமதமாகும்போது வாடிக்கையாளர் பொத்தானை மீண்டும் அழுத்துவது இயல்பு. செயலியே தானாக மறுமுயற்சி செய்வதும் உண்டு. ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனி அடையாள எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் பணத்தை மறுபடி எடுக்காமல் முந்தைய விடையையே திருப்பித் தரும்படி நிரல் எழுதப்பட வேண்டும். இல்லாவிடில் ஒருவரது மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி இருமுறை கழிக்கப்பட்டு, திரும்பி வரப் பல நாட்கள் ஆகும். மேக நிறுவனம் இதற்கான கருவிகளைத் தரும். எதற்கு எந்த விதி என்பதைக் கடையின் பொறியாளரே வகுக்க வேண்டும்.

பிலிப்கார்ட், 2014

இந்திய நிறுவனமான பிலிப்கார்ட் 2014 அக்டோபர் 6 அன்று நடத்திய பிக் பில்லியன் டே விற்பனை, மேற்கூறிய இருவகைச் சிக்கல்களும் ஒரே நாளில் வெளிப்பட்ட நிகழ்வாகும். அன்று தளம் பலமுறை திணறியது. பொருட்கள் சில நிமிடங்களில் தீர்ந்தன. சிலரது ஆணைகள் பின்னர் நீக்கப்பட்டன. விலை மாறியதாகவும் முறையீடுகள் எழுந்தன. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்பு மடல் அனுப்பினர். ஏறத்தாழ 5,000 வழங்கிகளை நிறுவி, 20 மடங்கு வருகைக்கு ஆயத்தமாக இருந்தும், வந்த கூட்டம் அதையும் விஞ்சியது என்று அதில் குறிப்பிட்டிருந்தனர். பத்து மணிநேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்பனையானதாக நிறுவனம் அறிவித்தது.

முறையீடுகளைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தளம் திறக்காமை வழங்கிகளின் பற்றாக்குறையால் நேர்வது. வாங்கிய பொருள் பின்னர் இல்லையென நீக்கப்படுவது, பெரும்பாலும் இருப்புக் கணக்கைச் சார்ந்தது. முன்னதை வாடகை வழங்கிகளால் தீர்க்கலாம். பின்னதை அவ்வாறு தீர்க்க இயலாது. பிலிப்கார்ட் தொடர்ந்து சொந்தத் தரவு மையங்களில் முதலீடு செய்தது. சென்னையிலும் ஐதராபாத்திலும் அவை அமைந்தன. 2017 இல் மைக்ரோசாப்ட்டின் அசூர் மேகத்தையும் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டது. இவ்வாறு சொந்தமும் வாடகையும் கலந்த அமைப்பு கலப்பு மேகம் எனப்படும்.

சிறு கடைகள்

சிறு வணிகர்கள் பெரும்பாலும் வழங்கிகளை நேரடியாக வாடகைக்கு எடுப்பதில்லை. கனடாவின் சாப்பிஃபை போன்ற நிறுவனங்கள் கடை மென்பொருளையே மாதக் கட்டணத்திற்குத் தருகின்றன. இவ்வகையில் தொழில்நுட்பப் பணி அனைத்தும் வழங்குநரிடம் சென்றுவிடுகிறது. கடையின் தோற்றத்தையும் விதிகளையும் விருப்பம்போல் மாற்றும் உரிமை அதற்கேற்பக் குறைகிறது.

சார்புநிலையும் செயலிழப்பும்

மேகத்தின் உரிமையாளர் போட்டிக் கடைக்காரராகவும் இருப்பது இத்துறைக்கே உரிய ஒரு சங்கடம். தன் வாடிக்கையாளர் விவரங்களைப் போட்டியாளர் படிப்பார் என்ற அச்சத்தை ஒப்பந்தங்களும் மறையீட்டு முறைகளும் பெருமளவு குறைக்கின்றன. ஆயினும் தான் செலுத்தும் வாடகை போட்டியாளரின் இலாபமாகிறது என்பதை எந்த ஒப்பந்தமும் மாற்றாது. அமெரிக்காவின் வால்மார்ட் 2018 சூலையில் மைக்ரோசாப்ட்டுடன் ஐந்தாண்டு உடன்பாடு செய்துகொண்டது. இந்தியாவில் அமேசானுடன் போட்டியிடும் பிலிப்கார்ட்டும் அமேசானின் மேகத்தை விடுத்து அசூரைத் தேர்ந்தது. ஒரு மேகத்திற்கே உரிய தரவுத்தளத்தைச் சுற்றி எழுதப்பட்ட நிரலை வேறொரு மேகத்திற்கு மாற்றுவது கடினம்; தரவை வெளியே எடுத்துச் செல்லவும் கட்டணம் உண்டு. வாடகை வீட்டில் சுவரோடு பதித்த அலமாரியை அதனுடன் ஒப்பிடலாம்.

மேகத்தை உடைமையாகக் கொண்டிருப்பது தானாகவே பாதுகாப்பளிப்பதில்லை. 2018 சூலை 16 அன்று அமேசானின் பிரைம் டே விற்பனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே, வாடிக்கையாளர் பலருக்கு நாய்ப் படங்களுடன் கூடிய பிழைப் பக்கங்களே தென்பட்டன. 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் மேகப் பகுதி செயலிழந்தபோது, அந்நிறுவனத்தின் பொருள் வழங்கும் ஊழியர்களுக்கே செல்ல வேண்டிய வழித்தடம் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அதே பகுதியில் ஏற்பட்ட பெரும் தடைக்கு, டைனமோடிபி தரவுத்தளத்தின் முகவரியைக் கூறும் பெயர்ப் பதிவு வெறுமையானதே காரணம். தரவு அழியவில்லை, அது எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. கூடை என்றும் மறுக்கப்படக் கூடாது என்ற நோக்கில் உருவான டைனமோவின் வழித்தோன்றல்தான் இந்தத் தரவுத்தளம்.

இதன் பொருட்டுப் பெரிய கடைகள் தமது அமைப்பை ஒன்றுக்கு மேற்பட்ட புவியியல் பகுதிகளில் இயக்குகின்றன. செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால் நடுத்தரக் கடைகள் இதைத் தள்ளிப்போடுவதே மிகுதி.

சட்டமும் தரவு இருப்பிடமும்

பண அட்டை விவரங்களைக் கையாளும் கடைகள், மேகத்தில் இயங்கினாலும், அட்டை நிறுவனங்கள் வகுத்த பிசிஐ டிஎசுஎசு என்னும் பாதுகாப்புத் தரத்திற்கு உட்பட்டவை. இதன் முதற் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. கட்டடக் காவலும் வழங்கிகளின் பாதுகாப்பும் மேக நிறுவனத்தின் பொறுப்பு. நிரலின் ஓட்டைகள், கடவுச்சொற்கள், யாருக்கு எந்த அனுமதி என்பன கடையின் பொறுப்பு. சேமிப்பகத்தைத் தவறுதலாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுதல் போன்ற பிழைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இந்தியாவில், பணப் பரிமாற்றத் தரவுகள் நாட்டிற்குள் சேமிக்கப்பட வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. அதற்குள் மேக நிறுவனங்கள் இந்தியாவில் தரவு மையங்களைத் திறந்திருந்தன. மைக்ரோசாப்ட் 2015 இல் புனே, சென்னை, மும்பை ஆகிய நகரங்களிலும், அமேசான் 2016 இல் மும்பையிலும் தம் பகுதிகளைத் தொடங்கின. 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கவும் தடை உள்ளது. அதற்கு மாற்றாக, அந்தக் கடைக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு குறியெண் சேமிக்கப்படுகிறது. கடையின் தரவுத்தளம் களவுபோனாலும் அக்குறியெண்ணைக் கொண்டு வேறெங்கும் பொருள் வாங்க இயலாது.